பாசாருக்கு இருநூற்று நாற்பது பேர்

சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு ரமணி அந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். உள்ளே இருந்த இருநூற்று நாற்பது பேரில் ஒருவர்கூட நேராக நிற்கிற நிலையில் இல்லை.

எல்லாரும் பிளாஸ்டிக் ஆட்கள். ஆளுக்குச் சுண்டுவிரலில் இரண்டு கணு உயரம். தலைமுதல் கால்வரை ஒரே வெள்ளை. ஹாங்காங்கிலிருந்து வந்தவர்கள். கையில் பெட்டியோடு நடக்கிற ஆண், தோளில் பை மாட்டிய பெண், தொப்பி போட்டவர், பிள்ளையின் கையைப் பிடித்த தாய் என்று பத்துப் பன்னிரண்டு வகை. இப்போது அத்தனை பேரும் புயல்காற்றில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து, முழங்காலில் மடிந்து, சிலர் இடுப்போடு இரண்டாக வளைந்து கிடந்தார்கள்.

"யாரு இத வேன்லயே விட்டது?" என்றார் தியாகராஜன். பட்டறை அவருடையது; வேலையாட்களுக்கு அவர் 'போஸ்', அதாவது முதலாளி. கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பார். இப்போது துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் போஸ்," என்றாள் ரமணி. "வெள்ளிக்கிழம காலையிலேயே எறக்கிடலாம்னு தம்புசாமியண்ணன் சொன்னாரு. உள்ள எடமில்ல, நாளைக்கு எறக்கிக்கலாம்னு நான் சொன்னேன். பெட்டி மேல அக்ரிலிக் தகட்ட அடுக்கச் சொன்னதும் நான்தான்."

வேன் ஓட்டுகிற தம்புசாமி வாசலில் நின்றிருந்தார். பழி தன் தலையில் விழும் என்று தயாராக வந்திருந்தவர், அது விழாமல் போனதும் என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். மேலே பாரம், சுற்றிலும் சூடு, ஏறக்குறைய இரண்டு பகல் வெட்டவெளியில் நின்ற வேன். ஆட்கள் மடியாமல் என்ன செய்வார்கள்?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது அந்தப் பட்டறை. கட்டப்போகிற கட்டடங்களை முன்கூட்டியே அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் சின்னதாகச் செய்து காட்டுவது அங்கே தொழில். தொண்ணூறுகளின் தொடக்கம், கோலாலம்பூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன் நின்ற காலம். வேலைக்குக் குறைவே இல்லை. ரமணி அங்கே சேர்ந்து ஏழு வருடமாகிறது. சுவரும் தூணும் வெட்டுவது மற்றவர்கள். மரம் நடுவது, புல் தூவுவது, ஓடு ஒட்டுவது, எல்லாம் முடிந்தபின் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துவது அவள். அவள் கை பட்டபிறகுதான் கட்டடத்துக்கு உயிர் வருகிறது என்று அவளே சொல்லிக்கொள்வாள். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

இந்தத் தடவை கிள்ளானில் வரப்போகிற ஒரு பாசார், சந்தைக் கட்டடம். கீழே மீன், இறைச்சி, காய்கறி. மேலே சாப்பாட்டுக் கடைகள். நான்கைந்து வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து கட்டுகிறார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் பார்க்க வருகிறார்கள்.

"ஹாங்காங்குக்கு ஃபோன் போட்டா ரெண்டு வாரம் ஆகும்," என்றார் தியாகராஜன். "விடு. ஆளே இல்லாம காட்டிடுவோம். கட்டடத்தத்தானே பாக்க வர்றாங்க."

"ஆளில்லாத பாசாரா? குடோன்னு நெனச்சுக்குவாங்க போஸ்."

"அதுக்கு?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். திங்கக்கிழம காலையில எல்லாரும் நேரா நிப்பாங்க."

"எப்படி நிக்க வைப்ப?"

"அது எனக்கு இன்னும் தெரியாது," என்று ரமணி பெட்டியை மூடிக் கயிறு கட்டினாள். "ஆனா நிப்பாங்க."

தியாகராஜன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

செந்தூலில் நாலாவது மாடியில் அவர்கள் வீடு. பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகள் இரண்டும் ஜெஞ்சாரோமில் அத்தை வீட்டில் இருந்தார்கள். வீட்டில் ரமணியும் அவள் கணவன் சபாபதியும் மட்டும்தான். சபாபதிக்கு ரயில்வே பட்டறையில் வெல்டிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவன் பேப்பரோடு சாய்ந்தான் என்றால் பன்னிரண்டு மணிவரை அசையமாட்டான். அன்றைக்குத் தோசை சாப்பிட்டு முடித்த தட்டை எடுப்பதற்குள் ரமணி மேசைமேல் பழைய துணியை விரித்து, பெட்டியைக் கவிழ்த்துவிட்டாள்.

"என்னடி இது, ஆக்சிடென்ட் ஆன மாதிரி கெடக்குறாங்க?"

"நான் பண்ணின ஆக்சிடென்ட்தான். பேசாம இருங்க."

முதலில் வெறுங்கையால் நிமிர்த்திப் பார்த்தாள். பெட்டி பிடித்த ஆள் விரலுக்கிடையில் நேராக நின்றான். விரலை எடுத்ததும் மெல்ல மெல்லப் பழையபடி சாய்ந்தான். இன்னொருவனைக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள். 'டிக்' என்று கணுக்கால் ஒடிந்து பாதம் ஒரு பக்கம் தெறித்தது.

"லைட்டர்ல காட்டிப் பாரு," என்றான் சபாபதி பேப்பருக்குப் பின்னாலிருந்து. "இரும்பா இருந்தா நாங்க சூடு காட்டித்தான் வளைப்போம்."

காட்டினாள். ஒரு பெண்ணின் முகம் மெழுகு மாதிரி ஒழுகியது. இன்னொருவனின் தோள் கருகி வீடெல்லாம் நாற்றமடித்தது. அந்த மூன்று பேரையும் ரமணி ஒரு தட்டில் தனியாக ஒதுக்கிவைத்தாள். அவளுக்கு எரிச்சல் வரவில்லை. தீயும் ஆகவில்லை, வெறுங்கையும் ஆகவில்லை; அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதான் வழி இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

"தீ எவ்ளோ சூடுன்னு நமக்குத் தெரியாது," என்றாள் அவள். "தண்ணி எவ்ளோதான் கொதிச்சாலும் நூறு டிகிரிக்கு மேல போகாது. ஸ்கூல்ல படிச்சதுதானே?"

"நான் அந்த வகுப்புக்கே போகல."

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஒரு அலுமினியக் கிண்ணத்தில் ஊற்றினாள். டீ வடிகட்டியில் ஒரு ஆளைப் போட்டு, ஆவி பறக்கும் தண்ணீரில் மெதுவாக இறக்கினாள். இடுப்பில் மடிந்து, நெற்றி முழங்காலைத் தொடுகிற அளவுக்கு வளைந்து கிடந்தவன் அவன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது வரும்போது அவன் அசைந்தான். தண்ணீர் அசைந்ததால் என்று முதலில் நினைத்தாள். இல்லை. அவன் இடுப்பு விரிந்தது. தலை மேலே வந்தது. கை உடம்பை ஒட்டி இறங்கியது. தூக்கத்திலிருந்து எழுந்து சோம்பல் முறிக்கிறவன் மாதிரி, யாரும் தொடாமல், தானாகவே அவன் நிமிர்ந்தான்.

"ஏங்க! இங்க வாங்க, சீக்கிரம்!"

சபாபதி வந்து குனிந்து பார்த்தான். அடுத்தவளைப் போட்டாள் ரமணி. அவளும் நிமிர்ந்தாள். அச்சில் வார்க்கும்போது எந்த வடிவத்தில் இருந்தார்களோ அந்த வடிவம் அவர்களுக்கு உள்ளுக்குள் ஞாபகம் இருந்திருக்கிறது. வெயில் வளைத்ததை வெந்நீர் திரும்பவும் இளக்கிவிட, உடம்பு தன் இடத்துக்குத் தானே போய்ச் சேர்ந்தது.

ஆனால் வெளியே எடுத்து மேசையில் வைத்ததும், இளக்கம் போகாத அந்த இருவரும் மறுபடியும் தள்ளாடிச் சாயத் தொடங்கினார்கள். ரமணி வடிகட்டியோடு தூக்கிக் குழாய்த் தண்ணீரில் காட்டினாள். சாய்ந்தது நின்றது; ஆனால் போதுமான அளவு இறுகவில்லை.

"ஐஸ் வேணும்," என்றாள். "நெறைய."

"ஃபிரிட்ஜ்ல ஒரு தட்டுதானே இருக்கு."

"கீழ டீத்தண்ணிக் கடையில வாங்கிட்டு வாங்க. ஒரு பை."

சபாபதி பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சட்டையைத் தேடினான். அவன் கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து ஒரு விஷயம் கற்றிருந்தான்: ரமணி இந்தக் குரலில் பேசும்போது கேள்வி கேட்பதைவிடச் செருப்பை மாட்டுவது சுலபம்.

அதன்பிறகு வேலை தறியில் நூல் ஓடுகிற மாதிரி ஓடியது. ஒரு தடவைக்கு நான்கு பேர். வெந்நீரில் இருபது எண்ணும்வரை. வெளியே எடுத்து, சூடு இருக்கும்போதே ஒரு பார்வை; கழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தால் விரல் நுனியால் ஒரு தட்டு; உடனே ஐஸ் தண்ணீரில். ஐஸ் தண்ணீர் இருந்த பேசினைச் சபாபதி பார்த்துக்கொண்டான். எடுத்துத் துணியில் ஒற்றி வரிசையாக நிறுத்தினான். அரைமணிக்கொரு தடவை கெட்டில் கொதித்தது. ரமணியின் விரல் நுனிகள் சிவந்து தடித்துவிட்டன. அவள் அவ்வப்போது ஐஸ் பேசினில் விரலை நனைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

பன்னிரண்டரைக்கு மேசையில் நூற்றுத் தொண்ணூறு பேர் நிமிர்ந்து நின்றார்கள். மிச்சம் நாற்பத்தேழு பேர். இவர்கள் தகட்டின் விளிம்புக்கு நேர்கீழே மாட்டியவர்கள் போலிருக்கிறது. வெந்நீரில் எவ்வளவு நேரம் போட்டாலும் பாதிதான் எழுந்தார்கள். பழைய வடிவம் அவர்களுக்கு மறந்தே போயிருந்தது. கையால்தான் நிமிர்த்த வேண்டும்.

ரமணி அவர்களில் ஒருத்தியை எடுத்தாள். தோளில் பை மாட்டியவள். இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, ஒரு கை நீண்டிருந்தது.

சபாபதி நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ரமணி, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"இவங்க எல்லாம் பேங்க்குக்குப் போறவங்க மாதிரி இருக்காங்க. ஒருத்தன்கூட மீன் வாங்க வந்தவன் மாதிரி இல்லையே."

ரமணி சிரித்தாள். சிரித்தபடியே கையிலிருந்தவளைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இவ வாங்குறா," என்றாள்.

அந்தப் பெண்ணை மேசைமேல் வைத்து, முன்னால் ஒரு தீப்பெட்டியை வைத்தாள். பார்த்தால் தீப்பெட்டி மீன் தட்டு. அவள் குனிந்து, செவுளைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டுகிறாள். வேறு எதற்காகவும் ஒரு பெண் அப்படிக் குனியமாட்டாள்.

ரமணி பிறந்து வளர்ந்ததே கிள்ளானில். கல்யாணமாகிச் செந்தூலுக்கு வரும்வரை ஞாயிறு தவறாமல் பாசாருக்குப் போனவள். அங்கே யார் நிமிர்ந்து நின்றார்கள்? தராசுத் தட்டைப் பார்க்க எட்டிக் குனிகிறவர்கள், சாக்கை முதுகில் தாங்கி வளைந்தவர்கள், தூணில் ஒற்றைக் காலை மடித்து ஊன்றிக் காப்பி குடிக்கிறவர்கள், சுவரோரம் குந்தி வெற்றிலையை அடுக்குகிறவர்கள். ஏழு வருடமாக அவள் எத்தனையோ கட்டடங்களில் ஆட்களை நிறுத்தியிருக்கிறாள். நிறுத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். உட்கார வைத்ததில்லை.

"தண்ணி கொதிக்க வைங்க," என்றாள். "இவங்கள நிமுத்தப்போறதில்ல."

"அப்புறம்?"

"இன்னும் வளைக்கப்போறேன்."

குந்தவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. முழங்காலின் பின்பக்கம் பிளேடால் நூல் கனத்துக்கு ஒரு கீறல் போட்டு, வெந்நீரில் இளக்கி, கிடுக்கியால் மடித்து, அப்படியே ஐஸில் முக்கிப் பிடித்தால் நின்றது. முதல் ஆளுக்குக் கால்மணி நேரம் பிடித்தது. பத்தாவது ஆளுக்கு இரண்டு நிமிடம். தொப்பிகளை வெட்டி எடுத்தாள். பாசாரில் அந்த மாதிரித் தொப்பி போட்டு வருகிறவன் எவன்? வெட்டிய தொப்பிகளைக் கவிழ்த்து வைத்தால் கீரைக் கூடை ஆயிற்று. சபாபதி ஒவ்வொருவரையும் வாங்கி வைக்கும்போதே பெயர் சொல்லத் தொடங்கிவிட்டான்: "இது ஐஸ் தூக்குறவன். இது பேரம் பேசுறவ. இந்தாளு, பொண்டாட்டி உள்ள போயிருக்கா, இவன் வெளிய பையோட நிக்கிறான்."

"அது நீங்கதான்," என்றாள் ரமணி.

மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே ரமணி பட்டறையைத் திறந்துவிட்டாள். பாசார் ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்கு விரிந்திருந்தது. கூரையைத் தூக்கி வைத்துவிட்டு, நிமிர்ந்தவர்களை வாசல்களிலும் மாடிப்படியிலும் நிறுத்தினாள். குனிந்தவர்களைக் கடைத் தட்டுகளுக்கு முன்னால். குந்தியவர்களை எங்கே வைப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. பாசாரின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி நெடுக ஒரு நடைபாதை ஓடியது. காலை வெயில் படாத பக்கம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். அங்கேதான் உட்காருவார்கள். பதினாறு பேரை அந்தச் சுவரோரம் உட்காரவைத்தாள்.

எட்டரைக்குத் தியாகராஜன் வந்தார். நிமிர்ந்து நின்ற கூட்டத்தைப் பார்த்து முகம் மலர்ந்தது. குனிந்து உள்ளே பார்த்ததும் கை கண்ணாடிக்குப் போனது.

"ரமணி, என்னம்மா இது? நிமுத்துறேன்னு எடுத்துட்டுப் போய்க் குந்த வெச்சிருக்க?"

"நிமிந்தவங்க நூத்தித் தொண்ணூறு பேரு இருக்காங்க போஸ். இவங்க நிமிரல. பாசார்ல இவங்களும் இருப்பாங்க."

"வர்ற ஆர்க்கிடெக்ட் இங்கிலாந்துல படிச்சவரு. மாடர்னா இருக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு. அந்தச் சுவரோரம் இருக்கிறவங்களையாவது எடுத்துடு."

"பசை காஞ்சிடுச்சு. பிச்சா தரையும் சேந்து வரும்."

"வேணும்னே ஒட்டினியா?"

"ஆமா போஸ்," என்றாள் ரமணி.

தியாகராஜன் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் தலையைக் குனிந்திருப்பார்கள். பெட்டியை வெயிலில் விட்டது தப்பு, அதை அவள் அன்றைக்கே ஒப்புக்கொண்டாள். இது தப்பில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவர் கூரையைத் தூக்கி அதனிடத்தில் வைத்தார்.

பத்து மணிக்கு ஐந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் சோமசுந்தரம்; கிள்ளானில் நாற்பது வருடமாக மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர், கூட்டாளிகளில் மூத்தவர். வெள்ளை வேட்டி, கையில் மடித்த குடை. கடைசியாக வந்தவர் ஆர்க்கிடெக்ட் ராதாகிருஷ்ணன். முப்பது வயதுகூட இருக்காது. சட்டைக் கை மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

தியாகராஜன் கூரையைத் திறந்து காட்டினார். ராதாகிருஷ்ணன் வெளிச்சம் எப்படி வரும், காற்று எப்படிப் போகும் என்று விளக்கினார். கூட்டாளிகள் தலையாட்டினார்கள். சோமசுந்தரம் மட்டும் குடையை ஊன்றிக் குனிந்து, கட்டடத்தின் தரைமட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தம்மா என்ன பண்றாங்க?"

யாரிடம் கேட்கிறார் என்று தெரியாமல் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பின்னால் நின்ற ரமணி முன்னால் வந்தாள்.

"மீன் செவுளப் பாக்குறாங்க ஐயா."

"இவரு?"

"சில்லறை மாத்தப் போன ஆளுக்காக நிக்கிறாரு."

சோமசுந்தரத்தின் மீசை அசைந்தது. "சுவரோரம் உக்காந்திருக்கிறவங்க?"

"வெத்தல, கீரை, பூ. அந்தக் கோடியில ஒருத்தர் கருவாடு."

சோமசுந்தரம் நிமிர்ந்து ராதாகிருஷ்ணனைப் பார்த்தார். "அங்க கட எதும் குடுத்திருக்கா தம்பி?"

"இல்ல அங்கிள். அது நடக்கிற எடம். ஆறடி அகலம். அங்க விக்க அனுமதி கிடையாது. போர்டு வெச்சிடுவோம்."

"போர்டுக்குக் கீழயே உக்காருவாங்க லா," என்றார் சோமசுந்தரம். "நெழலும் சுவரும் எங்க இருக்கோ அங்க உக்காருவாங்க. நாப்பது வருஷமா பாக்குறேன்."

மேசை ஓரத்தில் ஒட்டாமல் மிச்சமிருந்த ஒரு ஆளை அவர் எடுத்தார். சாக்கை முதுகில் சுமந்த மாதிரி ரமணி வளைத்திருந்தவன். அவனை நடைபாதையின் வாசலில் வைத்து, விரலால் மெல்ல உள்ளே தள்ளினார். முதல் வெற்றிலைக்காரியைத் தாண்டினான். கீரைக் கூடையில் இடித்தான். அங்கிருந்து விலக்கி இந்தப் பக்கம் தள்ளினால் தூணில் இடித்தான். எதிரில் பிள்ளையைக் கைப்பிடித்து வந்த தாயின் முன்னால் அவன் மாட்டிக்கொண்டு நின்றான். இந்தப் பக்கமும் போகமுடியவில்லை, அந்தப் பக்கமும் போகமுடியவில்லை.

மற்றக் கூட்டாளிகளும் மேசைமேல் குனிந்தார்கள்.

ராதாகிருஷ்ணன் ரமணி பக்கம் திரும்பினார். காது மடல் சிவந்திருந்தது. "யார் உங்கள இங்க ஆள் வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். அங்கதான் உக்காருவாங்க."

"நீங்க ஆர்க்கிடெக்டா?"

"இல்ல சார். பாசாருக்குப் போறவ."

ஒரு கூட்டாளி இருமுகிற சாக்கில் சிரிப்பை மறைத்தார். ராதாகிருஷ்ணன் தியாகராஜனைப் பார்த்தார். "மிஸ்டர் தியாகராஜன், நான் குடுத்த டிராயிங்ல இது இல்ல."

தியாகராஜன் கண்ணாடியைக் கழற்றவில்லை. "இல்லதான் சார். ஆனா எங்க பட்டறையிலேர்ந்து வெளிய வர்றது எதுவா இருந்தாலும் நான் செஞ்சதுதான். ஆளுங்கள எங்க நிறுத்தணும்னு ரமணிக்குத் தெரியும்."

ரமணி அதை எதிர்பார்க்கவில்லை. ஏழு வருடத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சந்தோஷம் முகத்தில் தெரியும்படி அவள் விட்டுவிடவில்லை.

சோமசுந்தரம் குடையால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். "நல்லவேளை, சிமெண்டு போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுது. தம்பி, கட்டடம் அழகா இருக்கு. அதுல எனக்குக் கொற இல்ல. அந்தப் பாதைய மட்டும் மாத்தி அகலமாப் போடணும். வெள்ளிக்கிழம காலையில ஏழு மணிக்குப் பழைய பாசாருக்குப் போங்க. எவ்ளோ எடம் வேணும்னு நேர்ல பாத்து எழுதிட்டு வாங்க." பிறகு ரமணியைப் பார்த்தார். "நீங்களும் போகணும்மா. தியாகராஜன், அனுப்புவீங்கல்ல?"

"வேன்லயே அனுப்புறேன்," என்றார் தியாகராஜன்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ரமணி கிள்ளான் பாசார் வாசலில் காத்திருந்தாள். ராதாகிருஷ்ணன் வருவாரோ மாட்டாரோ என்று தம்புசாமி சந்தேகப்பட்டார். வந்தார். பளபளக்கிற சப்பாத்து, இஸ்திரி கலையாத கால்சட்டை, கையில் அளவு நாடா. குட்மார்னிங் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பழைய பாசாரின் நடைபாதை நெடுகிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் அவர்களை இடித்துக்கொண்டும் தாண்டிக்கொண்டும் போய்க்கொண்டிருந்தது. தரையெல்லாம் ஈரம். ராதாகிருஷ்ணன் ஓர் இடத்தில் நின்று நாடாவை இழுத்தார். கீரைக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிர்ந்து முறைத்தாள்.

"என்னத்தடா தம்பி அளக்குற? என்னைக் கெளப்பி விடப்போறியா?"

"இல்லம்மா," என்று ரமணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "புதுப் பாசார் கட்டுறாங்க. உங்களுக்கு எடம் விடணும்ல, அதுக்குத்தான்."

"எனக்கு எடமா? எந்தக் காலத்துல குடுத்தாங்க?" ஆனாலும் குரல் கொஞ்சம் தணிந்தது. பெயர் வள்ளியம்மா என்றாள். காலை ஐந்து மணியிலிருந்து பத்து மணிவரை அங்கேதான் இருப்பாளாம். ஆனால் நாடாவை மட்டும் பக்கத்தில் விடவில்லை. "கீரை மேல இரும்பு படக்கூடாது. தள்ளிப் போ."

ராதாகிருஷ்ணன் கையைப் பிசைந்தார். "இப்படி எப்படி அளக்கிறது?"

"நீங்களே உக்காருங்க சார். உங்கள அளந்துக்கலாம்."

அவர் தரையைப் பார்த்தார். தன் கால்சட்டையைப் பார்த்தார். ரமணி வள்ளியம்மாவிடம் ஒரு சாக்கை வாங்கி விரித்தாள். வேறு வழி தெரியாமல் அவர் கால்சட்டையை முழங்காலில் தூக்கிவிட்டுக்கொண்டு குந்தினார். முதலில் குதிகால் தரையில் நிற்காமல் பின்னால் சாயப்போனார். வள்ளியம்மா முதுகில் கை கொடுத்து நிறுத்தினாள்.

"சுவர்ல சாஞ்சுக்கோ. அப்படி. இப்ப கூடைய முன்னாடி வெய்யி."

தன் கூடைகளில் ஒன்றை அவளே அவர் முன்னால் தள்ளி வைத்தாள். ரமணி நாடாவைப் பிடித்தாள். சுவரிலிருந்து முழங்கால் நுனி, அங்கிருந்து கூடையின் வெளி விளிம்பு.

"சரியா மூணடி சார்."

அப்போது ஒரு பெண்மணி கூடையின் முன்னால் நின்றாள். ஒரு முளைக்கீரைக் கட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னைக்குப் பறிச்சதாண்ணே?" என்றாள்.

ராதாகிருஷ்ணன் கீரைக் கட்டைப் பார்த்தார். வள்ளியம்மாவைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க," என்றார் கடைசியில். "இன்னைக்குப் பறிச்சதுதான்."

"அப்ப ரெண்டு கட்டு குடுங்க."

அவர் கொடுத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்து, நன்றாக உதறி, வள்ளியம்மா செய்வதைப் பார்த்து வைத்திருந்தபடியே வேரைப் பின்பக்கம் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் போனபிறகு அவரும் சிரித்துவிட்டார். வெட்கம் கலந்த சிரிப்பு. அதன்பின் சாக்கிலிருந்து எழுந்திருக்க அவசரப்படவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே போகிறவர்களின் கால்களைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"இங்கேர்ந்து பாத்தா வேற மாதிரி இருக்கு," என்றார்.

"சாக்குத் தூக்குறவன் வர்றான் பாருங்க சார். எவ்ளோ எடம் எடுக்குறான்னு பாருங்க."

சாக்கோடு ஒருவன் பக்கவாட்டில் திரும்பி, தோளால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். எதிரே வந்தவர்கள் லோங்காங் சாக்கடை ஓரம்வரை ஒதுங்கினார்கள்.

"மூணடி உக்கார்றவங்களுக்கு," என்றார் ராதாகிருஷ்ணன் மெதுவாக. "போறவனுக்கு மூணு, வர்றவனுக்கு மூணு. ஒம்பதடி."

"பத்து சார்."

"ஒம்பது போதும்னு நெனைக்கிறேன்."

"தீபாவளிக்கு மொத நாள் வந்து பாருங்க. பத்தே பத்தாது."

வள்ளியம்மா கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு சொல்றத எழுதிக்க தம்பி," என்றாள்.

ராதாகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நோட்டை முழங்காலில் வைத்து, பத்தடி என்று எழுதி, அடியில் கோடு போட்டார். பிறகு நாடாவின் ஒரு முனையை ரமணியிடம் நீட்டினார்.

"வாங்கக்கா, பூக்காரங்க பக்கமும் அளந்துடலாம்."